இரண்டாம் சுரங்கத்தில் ஆள் இல்லை

நாள் 141, 06:40

பதிவு செய்பவர்: எஸ்தர் கனகமணி, நிலவியல் ஆய்வாளர். நிலவின் தென்துருவம், பனிச் சுரங்க நிலையம்.

வெளி வெப்பம் கழித்தல் 171. உள்ளே 19. காற்றழுத்தம் சரி. நேற்று எடுத்த பனி 212 கிலோ. இரண்டாம் சுரங்கத்தின் நீளம் இப்போது 38 மீட்டர்.

நிலையத்தில் இருவர்தான். நானும் பொறியாளர் அப்துல் ரவூபும். தலைவர் சிறுநீரகக் கல் வலியால் கடந்த முறை வந்த கப்பலில் திரும்பிவிட்டார். அடுத்த கப்பல் நாள் 152. பூமி அடிவானத்துக்குக் கீழே இறங்கி நான்கு நாளாகிறது. மாதத்தில் பாதி நாள் இங்கே அது தெரியாது. செய்தி கடத்தும் செயற்கைக்கோளும் பழுது. நாள் 150 வரை யாரோடும் பேச முடியாது.

வழக்கமான புகார் ஒன்று. நிலையத்தை நடத்தும் கணினிக்கு நாங்கள் வைத்த பெயர் வார்டன். காற்று, சூடு, கதவு, இயந்திரங்கள் எல்லாம் அதன் பொறுப்பு. அதற்கு ஆங்கிலம் மட்டுமே தெரியும். அதன் சொற்பட்டியலில் ‘க்ளியர்’ என்ற ஒரு சொல்லுக்குப் பதினேழு பொருள் இருக்கிறது. ஆள் இல்லை, தடை இல்லை, தெளிவாக இருக்கிறது, அழித்துவிடு, வெளியேற்று, விலகி நில், அனுமதி உண்டு, இன்னும் பத்து. எந்த இடத்தில் எந்தப் பொருள் என்பதை வார்டனே ஊகித்துக்கொள்ளும். திரையை க்ளியர் செய்யச் சொன்னதற்கு ஒருமுறை ஆறு வார அளவீடுகளை அழித்தது. இந்தச் சொல்லை வேலை மொழியிலிருந்து நீக்கும்படி நாள் 84-இல் தலைமையகத்துக்கு எழுதினேன். பரிசீலனையில் உள்ளது என்று பதில் வந்தது.

ரவூபுக்கு இதெல்லாம் சிரிப்பு. அவன் காயல்பட்டினத்துக்காரன். அவன் ஊரில் அக்காவை லாத்தா என்பார்கள், என்னையும் அப்படித்தான் கூப்பிடுவான். இன்று காலையிலும் சொன்னான்: “அரியர் க்ளியர், ரூட் க்ளியர், டவுட் க்ளியர். நம்ம ஆளுவ இந்த ஒத்த சொல்ல வச்சே வாழ்க்கைய ஓட்டிருவாங்க லாத்தா. இதுவரைக்கும் யாரும் செத்துப் போகலியே.”

11:00 மணிக்கு இரண்டாம் சுரங்க வாசல் கூரையில் வெடி. அதற்குள் அவன் கடைக்கோடியில் பனி உறிஞ்சும் குழாயை மாற்றிவிட்டு வந்துவிடுவான்.

நாள் 141, 13:05

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

10:20 முதல் வானொலியில் இரைச்சல். ரவூப் பேசுவது பாதிதான் கேட்டது. அலைவரிசையை மாற்றினேன். 10:31-க்கு அழைத்தேன்.

“டனல் டூ, க்ளியரா?”

“க்ளியர் லாத்தா, க்ளியர்.”

10:42-க்கு வெடித்தேன்.

பதினெட்டு நிமிடம் முன்னதாக. சூரியத் தகடுகளில் வெயில் இருக்கும்போதே தோண்டும் இயந்திரத்தை ஓட்டிவிடலாம் என்ற அவசரம். உள்ளே போகும்போது மாட்டிய அவனுடைய பெயர் வில்லை வாசல் பலகையில் இன்னும் தொங்குகிறதா என்று வெடிக்கு முன்னால் கண்ணால் பார்க்க வேண்டும். அதுதான் விதி. நான் பார்க்கவில்லை. அவன் சொன்ன சொல் போதும் என்று இருந்துவிட்டேன்.

10:44-க்குக் கம்பித் தொலைபேசி அடித்தது. சுரங்கத்தின் கடைசியில் உள்ள அடைக்கலப் பெட்டியிலிருந்து. ஒரு ஆள் படுக்கலாம், அவ்வளவுதான் அந்த இரும்புப் பெட்டி.

“லாத்தா, கூரை எறங்கிருச்சு. பொட்டிக்குள்ள பூந்துட்டேன். இடது கால்ல பாறை விழுந்துச்சு, ஒடஞ்சிருக்கும் போல. என்ன ஆச்சு லாத்தா?”

“கூரைதான் எறங்கிட்டு மக்கா. பயப்படாத, எடுத்திருவேன்.”

கூரை தானாக இறங்கியது போலச் சொல்லிவிட்டேன்.

வாசலிலிருந்து ஆறு மீட்டர் தடிமனுக்கு இடிபாடு. பெட்டிக்குள் இருபது மணி நேரக் காற்று. வெடித்ததும், நிலையத்திலிருந்து பெட்டிக்குப் போகும் காற்றுக் குழாயை வார்டன் அடைத்துவிட்டது.

நாள் 141, 15:50

காற்றைத் திறக்கச் சொன்னேன். வார்டன் பதில்: ‘இரண்டாம் சுரங்கம் க்ளியர். ஆள் இல்லாத இடத்துக்குக் காற்று அனுப்ப இயலாது.’

என் 10:31 கேள்வியும் அவன் பதிலும் அதன் பதிவில் இருக்கின்றன. உள்ளே ஆள் இருக்கிறான் என்றேன். ‘முந்தைய பதிவோடு முரண்படுகிறது. தலைமையகம் உறுதி செய்ய வேண்டும்.’

தலைமையகத்தோடு ஒன்பது நாளைக்குப் பேச முடியாது என்றேன். ‘காத்திருக்கிறேன்.’

அப்புறம் கத்திவிட்டேன். “ரவூப் இஸ் நாட் க்ளியர்!” என்று.

‘பொறியாளர் ரவூபின் பணி அனுமதி ரத்து செய்யப்பட்டது.’

ஒரு நிமிடத்தில் தொலைபேசி.

“லாத்தா, ஹீட்டர் என் நம்பர எடுக்க மாட்டேங்குது. இப்ப வரைக்கும் ஓடிட்டிருந்துச்சு. நீங்க ஏதும் செஞ்சீங்களா?”

தோண்டும் இயந்திரத்தை அனுப்பலாம் என்று, சுரங்கத்தை க்ளியர் செய்யச் சொன்னேன். வார்டன் அதை வெளியேற்றும் கட்டளையாக எடுத்துக்கொண்டது. அபாயச் சங்கு ஊதி, வாசலில் நின்ற இயந்திரத்தையே கொட்டகைக்குத் திருப்பி அனுப்பிக் கதவைப் பூட்டியது. அந்தக் கட்டளையை க்ளியர் செய் என்றேன். அழித்தது. கட்டளையை அல்ல, இயந்திரம் ஓடுவதற்கான சுரங்க வரைபடத்தை. பூமியிலிருந்து புதிதாக அனுப்பினால்தான் இனி அது நகரும்.

இதைப் படிப்பவர் கேட்பார்: ஒருமுறை சுட்ட பிறகும் ஏன் அதே சொல்? தெரியவில்லை. இருபது வருடம் இந்த மொழியில் வேலை பார்த்த வாய். பதறும்போது அதுதான் வருகிறது. ஒவ்வொரு முறையும் சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது என் காதில் விழுகிறது.

இனி வார்டனோடு பேசப் போவதில்லை. அதற்குப் படிக்கத் தெரியாத தமிழில் இந்தக் குறிப்பு மட்டும்.

நாள் 142, 05:15

ஒரு வழிதான் இருக்கிறது. காற்றுக் குழாயின் கைச்சக்கரம் மின்பூட்டில் இருக்கிறது. பூட்டு விட வேண்டுமானால் வார்டனின் மின்சாரத்தை அடியோடு நிறுத்த வேண்டும். நிறுத்தினால் நிலையம் முழுக்கச் சூடும் காற்றோட்டமும் நிற்கும். பூமி அனுப்பும் குறியீடு இல்லாமல் மறுபடி கிளப்ப முடியாது. அதாவது, நான் தங்கியிருக்கும் வீட்டை நானே கொல்ல வேண்டும்.

நேற்று மாலை முதல் பொருள்களை வண்டிக்கு மாற்றினேன். வண்டியில் இருவர் உட்காரும் அடைத்த கூண்டு உண்டு. தண்ணீர், சாப்பாடு, மருந்துப் பெட்டி ஏற்றினேன். உடுப்புக்கான காற்றுப் பாட்டில் பதினொன்று, ஒவ்வொன்றும் ஆறு மணி நேரம் வரும். தொலைபேசிக் கம்பியைப் பிரித்து என் தலைக்கவசத்தோடு இணைத்தேன்.

அவனிடம் சொன்னேன். “நிலையத்த நிறுத்தப் போறேன் மக்கா.”

“அப்ப நீங்க எங்க இருப்பீங்க?”

“வண்டியில.”

“வேணாம் லாத்தா. நல்லா யோசிச்சுக்கிடுங்க.”

“யோசிச்சாச்சு. நீ மூச்சு விடு, அது போதும்.”

05:02-க்கு முதன்மை விசையை இழுத்தேன். விளக்குகள் போயின. ஐந்து மாதமாகக் காதில் இருந்துகொண்டே இருந்த விசிறிச் சத்தம் நின்றது. டார்ச் வெளிச்சத்தில் சக்கரத்தைச் சுற்றினேன்.

“வருது லாத்தா! காத்து வருது! வார்டன் போனதும் பொட்டி பாட்டரியில ஹீட்டரும் ஓடுது!”

சக்கரத்தை விட்டுவிட்டு மண்வெட்டியைத் தேடி எடுத்தேன்.

நாள் 143, 11:20

கை மண்வெட்டி. சரிவாக, ஒரு ஆள் ஊர்ந்து போகும் அளவுக்கு ஒரு துளை. 1.9 மீட்டர் ஆகியிருக்கிறது. இங்கே மண் கனக்காது, ஆனால் கண்ணாடித் தூள் போல அறுக்கும். வலது கையுறையில் இரண்டு இடத்தில் ஒட்டுப் போட்டேன். குழாய் இடிபாட்டுக்குள் எங்கேயோ ஒழுகுகிறது. நிலையத்தின் இரண்டு காற்றுத் தொட்டிகளில் முதல் தொட்டியின் முள் நான் நினைத்ததைவிட வேகமாக இறங்குகிறது. இரண்டாம் தொட்டி நிறைய இருக்கிறது. அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ரவூப் பேசிக்கொண்டே இருக்கிறான், வலியை மறக்க. கல்லூரியில் ஒரே பாடத்தில் நான்கு முறை தோற்றதைச் சொன்னான். கட்டுமானப் பொருள்களின் வலிமை பற்றிய பாடம். “இப்ப அந்தக் கூரைக்கு அடியில கெடக்கேன் பாருங்க” என்று சிரித்தான்.

அந்தச் சிரிப்பைக் கேட்டபின் என்னால் முடியவில்லை.

“மக்கா, ஒண்ணு சொல்லணும். கூரை தானா எறங்கல. நான்தான் வெடிச்சேன். நீ வெளிய வந்துட்டேன்னு நெனச்சேன். பலகையப் பாக்கல.”

கம்பியில் ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்தினான்.

“லாத்தா.”

“சொல்லு.”

“நான் க்ளியர்னு சொன்னது ஒங்க கொரல. இரைச்சல் போயி, அப்பதான் கொரல் நல்லா கேட்டுச்சு. கேக்குதான்னு கேக்கீங்கன்னு நெனச்சு அதச் சொன்னேன்.”

“ஐயோ மக்கா.”

“ஒங்க மேல தப்பு இல்ல. என் மேலயும் இல்ல. அந்த எழவெடுத்த சொல்லு மேலதான் தப்பு. அழாதீங்க. தோண்டுங்க.”

தலைக்கவசத்துக்குள் கண்ணைத் துடைக்க வழியில்லை. இரண்டு நாளாக ஒரே கேள்விதான். உள்ளே இருந்துகொண்டு ஏன் அப்படிச் சொன்னான்? அவன் மேல் கோபம்கூட வந்தது. அதை எழுத வெட்கமாக இருக்கிறது. இப்போது விடை கிடைத்துவிட்டது. இரண்டு பேர், ஒரு சொல், இரண்டு பொருள். அதற்குப் பிறகு நாலு மணி நேரம் நிற்காமல் தோண்டினேன்.

நாள் 144, 16:00

3.4 மீட்டர். பாட்டில் ஆறு தீர்ந்தது.

துளை ஒருமுறை சரிந்தது. அரை மீட்டர் போச்சு. என் கால்கள் மாட்டிக்கொண்டன. வெளியே வர ஐம்பது நிமிடம். அவனிடம் சொல்லவில்லை.

நிலையத்துக்குள் கழித்தல் 48. குழாய்களில் தண்ணீர் உறைந்து வெடிக்கும் சத்தம். என் அறையில் வைத்திருந்த கீரைத் தொட்டி கறுத்துவிட்டது.

அவனுக்குக் காய்ச்சல். கால் வீங்கி, காலணியைக் கழற்ற முடியவில்லையாம். மாத்திரை தீர்ந்துவிட்டது.

நாள் 145, 14:30

4.7.

இடது கையில் இரண்டு விரல் உணர்ச்சி இல்லை. வெள்ளையாக இருக்கின்றன. பார்க்காமல் உறையைப் போட்டுக்கொண்டேன்.

முதல் தொட்டி தீரப் போகிறது. இரண்டாம் தொட்டியைத் திறக்கப் போனேன். அதன் வால்வு உறைந்திருக்கிறது. நிலையத்தில் சூடு இருந்தால் சிறுபிள்ளை திறக்கும். சூட்டை நிறுத்தியது நான். வண்டி பாட்டரியிலிருந்து கம்பி இழுத்துச் சூடு காட்டினேன். அசையவில்லை. திரும்பிப் போய்த் தோண்டினேன். தோண்டுவது மட்டும்தான் இப்போது பலிக்கிறது.

அவன் சில சமயம் என்னை அவன் மனைவி பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான். ஜொஹரா, ஜொஹரா என்று. நான் ‘உம்’ கொட்டுகிறேன்.

“கதவத் தொற ஜொஹரா, வெளிய ரொம்பக் குளிருது.”

“தொறந்துட்டேன். வந்துட்டே இரு.”

நாள் 146, 09:15

எடுத்துவிட்டேன்.

06:50-க்கு மண்வெட்டி முனை அந்தப் பக்கத்து வெற்று இடத்தில் இறங்கியது. உள்ளே நுழைந்து கடைக்கோடிக்குப் போய்ப் பெட்டிக் கதவைத் தட்டினேன். தட்டு திரும்பி வரவில்லை. தொலைபேசியிலும் சத்தமில்லை. கத்தினேன், திட்டினேன், அவன் தோற்ற பாடத்தின் பெயரைச் சொல்லி எழுப்பினேன். கடைசியில் ஒரு முனகல். உடுப்பை அவனாகவே போட்டுக்கொண்டான். எப்படிப் போட்டான் என்று எனக்குத் தெரியாது. துளை வழியே அவனைக் கயிற்றில் இழுத்தேன். கால் பாறையில் இடித்தபோதெல்லாம் அலறினான். அந்த அலறல் எனக்கு உயிர் கொடுத்தது.

இப்போது வண்டிக் கூண்டில் தூங்குகிறான். காய்ச்சல் மருந்து கொடுத்தேன். முகம் மண்ணாக இருக்கிறது, ஆனால் மூச்சு சீராக வருகிறது. அவனைப் பார்த்துக்கொண்டே இதை எழுதுகிறேன்.

நாள் 146, 12:40

கணக்குப் போட்டேன். நான்கு முறை போட்டேன்.

வண்டிக் கூண்டில் மிச்சமிருக்கும் காற்று ஒருவருக்கு ஆறு நாள். இருவருக்கு மூன்று. கப்பல் வர ஆறு நாள். நாள் 150-இல் பூமி எழும், பேசலாம். பேசினாலும் கப்பல் முன்னால் வராது. அது வழியில் இருக்கும்.

இரண்டாம் தொட்டி திறந்தால் இருவருக்கும் ஒரு மாதத்துக்குக் காற்று. மூடிய இரும்புக்கு அந்தப் பக்கம் அத்தனையும் இருக்கிறது.

கடைசிப் பாட்டில் உடுப்பில் இருக்கிறது. இரண்டு மணி நேரம் ஓடும். போய்ப் பார்க்கிறேன். சுத்தியல், இரும்புக் கம்பி, வண்டியின் மாற்றுப் பாட்டரி. ரவூபை எழுப்பவில்லை. எழுப்பினால் விட மாட்டான்.

கூண்டை உள்ளிருந்து பூட்டும்படி வைத்துவிட்டேன். சாப்பாடு அவன் கைக்கு எட்டும் இடத்தில். இந்த டேப்லட்டை எடுத்துப் போகிறேன். வால்வைப் பற்றி ஏதாவது தெரிந்தால் அடுத்து வருபவருக்கு உதவும்.

நாள் 146, 13:35

வால்வு கால் சுற்று நகர்ந்தது. பிறகு நின்றுவிட்டது. பாட்டரி தீர்ந்தது. சுத்தியலால் அடிக்கிறேன். இடது கை பிடிக்கவில்லை. மணிக்கட்டோடு சுத்தியலைக் கட்டிக்கொண்டேன்.

நாள் 146, 14:20

தண்டு முறிந்துவிட்டது. வால்வு மூடியபடியே உள்ளே இருக்கிறது. இனி யாராலும் திறக்க முடியாது.

பதினைந்து நிமிடம் இருக்கிறது. வண்டிக்கு நடக்க ஏழு நிமிடம் போதும். போகலாம்.

போகவில்லை.

வானொலியில் அவன்.

“லாத்தா, எங்க இருக்கீங்க? ஆள காணோமே.”

“தொட்டிகிட்ட நிக்கேன் மக்கா. தொறந்துட்டு இருக்கேன்.”

“நான் வரட்டுமா?”

“ஒத்தக் கால வச்சுகிட்டு நீ எங்க வருவ? படு. தண்ணி குடி.”

“எப்ப வருவீங்க?”

“இதோ வந்திருவேன்.”

நம்பிவிட்டான்.

நாள் 146, 14:29

பியூலாவுக்கு, என் மகளுக்கு: அம்மா பயந்துகொண்டு சாகவில்லை. கொஞ்சம் குளிர்கிறது.

தலைமையகத்துக்கு: அந்தச் சொல்லை எடுத்துவிடுங்கள். ரவூப் மேல் தவறு இல்லை. என் குரல் கேட்கிறது என்றுதான் அவன் சொன்னான். அதை மட்டும் அவன் சொல்லியிருக்காவிட்டால் அந்த மண்ணை என்னால் தோண்டி

வெளிச்சம் குறை

மூச்சு இழுக்க

ரவூப் பேசிக்கொண்டிருக்கிறான் நல்லா கேட்கு

நாள் 152, 10:10

அப்துல் ரவூப் எழுதுகிறேன். கப்பல் வந்துவிட்டது. இரண்டாம் தொட்டிக்குப் பக்கத்தில் லாத்தா உட்கார்ந்திருந்தார் என்றார்கள். இந்த டேப்லட் மடியில் இருந்ததாம். நான் இன்னும் அங்கே போகவில்லை. கால் வைத்து நடக்க முடியாது என்று அவர்களிடம் சொன்னேன். தூக்கிக்கொண்டு போகிறோம் என்றார்கள். வேண்டாம் என்றேன்.

எல்லாவற்றையும் படித்தேன். ஒரு திருத்தம் போட வேண்டும். விசாரணை தொடங்குமுன் போட வேண்டும்.

நாள் 141, 10:31. அலைவரிசை மாறியதும் இரைச்சல் போய்விட்டது. லாத்தா கேட்டது எனக்கு ஒவ்வொரு எழுத்தும் கேட்டது. சுரங்கத்தில் ஆள் இருக்கிறதா என்றுதான் கேட்கிறார் என்று தெரியும். குழாயின் கடைசி மூட்டு பாக்கி. வெளியே போய் வந்தால் நாற்பது நிமிடம் வீண். வெடி 11:00-க்குத்தானே, பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு வந்துவிடலாம் என்று நினைத்தேன். க்ளியர் என்றேன். தினமும் சொல்வது போலச் சொன்னேன்.

நாள் 143-இல் அவர் அழுதுகொண்டு உண்மையைச் சொன்னபோது நானும் சொல்லியிருக்கலாம். சொல்ல வாயெடுத்தேன். தெரிந்தால் தோண்டுவதை நிறுத்திவிடுவாரோ என்று பயம். அப்படி நிறுத்துகிற ஆள் இல்லை அவர் என்று அப்போதும் எனக்குத் தெரியும். தெரிந்தும் குரல் அது இது என்று கதை கட்டினேன். அதை நம்பி எனக்காக நிலையத்துக்குள் போய் உட்கார்ந்துவிட்டார்.

கப்பல்காரர்கள் ஆங்கிலத்தில் என்னென்னவோ கேட்கிறார்கள். விபத்துக்கான காரணம் என்ற கட்டத்தில் வார்டனின் மொழிக்குழப்பம் என்று ஏற்கெனவே நிரப்பி, கீழே கையெழுத்துப் போடச் சொல்லி நீட்டுகிறார்கள். இன்னும் போடவில்லை.

அவர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. எனக்கு அது ஒழுங்காகப் புரிந்தது. உள்ளே நான் இருந்தேன். ஆள் இல்லை என்று சொன்னதும் நான்தான்.